காலண்டரில் எழுதிய வைஃபை கடவுச்சொல்

கணினிக் கேள்வி பதில்

இரண்டு மாதத்துக்கு முன் பிரிண்டர் மையைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினேன். மூன்றே கடிதம் வந்தது. போன மாதம் என் கணினிக் கடைக்கு வந்த ஓர் அம்மாவின் வங்கிப் பணம் போன கதையைப் போகிற போக்கில் நாலு வரி எழுதினேன், கடிதங்கள் குவிந்துவிட்டன. அதனால் இந்த முறை மற்ற எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, இணையத் திருட்டைப் பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்திருக்கிறேன். பிரிண்டர்காரர்கள் மன்னிக்க.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர். வீட்டுக் கணினியில் பேரப்பிள்ளைகளின் படங்களும் கொஞ்சம் தேவாரப் பாடல்களும்தான் இருக்கின்றன. பேங்க் வேலைக்கு நேரில்தான் போகிறேன். என்னைத் தாக்கி எவனுக்கு என்ன லாபம்? வீணாகப் பயமுறுத்துகிறீர்களோ என்று தோன்றுகிறது.
– ஒரு வாசகர், செந்தூல்

வாத்தியார் ஐயா, உங்களை யாரும் குறிவைக்கவில்லை என்பது உண்மைதான். சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. உங்கள் தாமானில் வட்டிக்குப் பணம் விடுகிற ஆலோங்காரன் நோட்டீஸ் ஒட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். எந்த வீட்டில் வாத்தியார், எந்த வீட்டில் வியாபாரி என்று அவன் பார்ப்பதில்லை. முதல் கேட்டிலிருந்து கடைசிக் கேட் வரை ஒட்டிக்கொண்டே போகிறான். இணையத்திலும் அப்படித்தான். அங்கே நடப்பது மனிதன்கூட இல்லை, ஒரு நிரல், அதாவது புரோகிராம். இரவு பகலாக உலகத்தின் எல்லா இணைய முகவரிகளையும் வரிசையாகத் தட்டிப் பார்க்கிறது. திறந்த இடத்தில் நுழைகிறது. உள்ளே தேவாரம் இருக்கிறதா, பேங்க் கணக்கு இருக்கிறதா என்பதெல்லாம் அப்புறம்.

2016இல் மிராய் என்ற திருட்டு நிரல் ஒன்று கிளம்பியது. அது கணினியைத் தேடவே இல்லை. வீட்டு மோடம், வாசல் கேமரா, கேமரா பதிவுப் பெட்டி இவற்றைத்தான் தேடியது. அதன் கையில் இருந்தது சுமார் 60 ஜோடிப் பயனர் பெயரும் கடவுச்சொல்லும். எல்லாமே தொழிற்சாலையிலிருந்து வரும்போதே போட்டிருக்கும் வகை: 'அட்மின் – அட்மின்', 'ரூட் – 12345' மாதிரி. இந்தச் சின்னப் பட்டியலை வைத்துக்கொண்டே லட்சக்கணக்கான பெட்டிகளைப் பிடித்துவிட்டது. அந்த ஆண்டு அக்டோபர் 21ஆம் தேதி, அப்படிப் பிடித்த பெட்டிகளை ஒரே நேரத்தில் டைன் என்ற அமெரிக்க நிறுவனத்தின் மீது ஏவினார்கள். இணையதளப் பெயரைச் சொன்னால் முகவரி காட்டுகிற வேலை அந்த நிறுவனத்துடையது. அது திணறியதும் டுவிட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற பெரிய தளங்களே பல ஊர்களில் திறக்கவில்லை. தாக்கியவை யாரோ வீட்டு வாசலில் மாட்டிய கேமராக்கள். வீட்டுக்காரர்களுக்கு ஒன்றும் தெரியாது, அவர்கள் பாட்டுக்குத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மிராயை எழுதிய மூன்று அமெரிக்க இளைஞர்கள் மறுவருடம் டிசம்பரில் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். இதெல்லாம் எதில் தொடங்கியது தெரியுமா? மைன்கிராஃப்ட் விளையாட்டு. உங்கள் பேரப்பிள்ளைகளும் விளையாடுவார்கள், கேட்டுப் பாருங்கள்.

ஊருக்குச் சொல்கிறேன், என் கதையைக் கேளுங்கள். மோட்டார் சைக்கிள் நிறுத்துகிற இடத்தைப் பார்க்க ஒரு மலிவுக் கேமரா வாங்கி மாட்டினேன். தலையைத் திருப்பும் வகை. வாடிக்கையாளர் வீடுகளில் கடவுச்சொல்லை மாற்றுங்கள் என்று நாள் முழுக்கச் சொல்கிற நான், 'ஞாயிற்றுக்கிழமை பார்ப்போம்' என்று விட்டுவிட்டேன். ஐந்து மாதம் எந்த ஞாயிற்றுக்கிழமையும் வரவில்லை. ஒரு நாள் காலை மனைவி கேட்டார்: "கேமராவை ஏன் துளசிச் செடிப் பக்கம் திருப்பி வைத்தீர்கள்?" நான் திருப்பவில்லை. நேராக வைத்தேன். மறுநாள் காலை அது வீட்டுச் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த நிமிடம் வயிற்றில் என்ன ஓடியது என்பதை எழுத முடியாது. பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் மோடத்தைத் திறந்து பார்த்தேன். வெளியிலிருந்து நேராக வருவதற்கு அந்தக் கேமரா தானாகவே மோடத்தில் ஒரு வழி திறந்து வைத்திருந்தது. யு.பி.என்.பி. என்ற வசதி. பொருள்களே பேசிக்கொண்டு கதவைத் திறந்துகொள்ளும், நம்மிடம் கேட்காது. கடவுச்சொல்லோ பெட்டியில் அச்சிட்டதேதான்.

ஆகவே வாத்தியார் ஐயா, கணினியை விட்டுவிட்டு, டிவிக்குப் பின்னால் தூசி படிந்து கிடக்கிற மோடத்தை எடுங்கள். லைன் மாட்டிவிட்டுப் போன பிறகு யாரும் அதைத் தொட்டிருக்க மாட்டார்கள். அடியில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் 192.168.0.1 அல்லது 192.168.1.1 என்பது போல் ஓர் எண். வீட்டு வைஃபையில் இணைந்திருக்கும்போது அந்த எண்ணை பிரவுசரில் தட்டினால் மோடத்தின் உள்பக்கம் திறக்கும். நுழையும் பெயரும் கடவுச்சொல்லும் அதே ஸ்டிக்கரில் இருக்கும். முதல் வேலை, அந்தக் கடவுச்சொல்லை மாற்றுவது. அடுத்தது, வெளியிலிருந்து நிர்வகிக்கும் வசதி திறந்திருந்தால் மூடுவது. யு.பி.என்.பி.யையும் மூடுங்கள். பேரன் விளையாட்டில் ஏதோ ஓடவில்லை என்று முகம் தூக்கினால் அப்போது யோசிக்கலாம். அப்புறம் மோடத்தின் மென்பொருளுக்குப் புதுப்பிப்பு வந்திருக்கிறதா என்று அதே பக்கத்தில் பாருங்கள். மோடம் மிகப் பழையதாகி, புதுப்பிப்பு வருவதே நின்றிருந்தால், லைன் கொடுத்த நிறுவனத்திடம் மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். கேட்காதவர்களுக்கு யாரும் தருவதில்லை.

கையோடு செய்தால் முக்கால் மணி நேரம். என் துளசிச் செடிக்கு ஆன நேரத்தைவிடக் குறைவு.

கேள்வி: தீபாவளி திறந்த இல்ல உபசரிப்புக்கு வருகிற பிள்ளைகள் முறுக்கைத் தொடுவதற்கு முன்பே "ஆன்ட்டி, வைஃபை பாஸ்வேர்ட்?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் அதைச் சுவரில் மாட்டிய குதிரைக் காலண்டரிலேயே எழுதிவிட்டேன். என் கணவர் திட்டுகிறார். தவறா?
– இல்லத்தரசி, செத்தாப்பாக்

உங்கள் கணவர் திட்டுவது பாதி நியாயம், அம்மா. காலண்டரைப் பார்ப்பது வீட்டுக்குள் வந்தவர்கள். ரஷ்யாவில் இருப்பவன் செத்தாப்பாக் வந்து உங்கள் காலண்டரைப் பார்க்கப் போவதில்லை. எழுதியதில் பெரிய தவறில்லை. எந்தக் கடவுச்சொல்லை எழுதினீர்கள் என்பதில்தான் விஷயம்.

இப்போது வருகிற மோடங்களில் பெரும்பாலும் விருந்தினர் வைஃபை என்று தனியாக ஒன்று உண்டு. அதைத் திறந்து வேறு பெயர், வேறு கடவுச்சொல் வைத்து, அதைக் காலண்டரில் எழுதுங்கள். அதில் நுழைகிறவர்களுக்கு இணையம் கிடைக்கும், உங்கள் கணினியும் பிரிண்டரும் கண்ணில் படாது. விருந்தாளிக்கு ஹால் மட்டும், படுக்கையறைக்கு வேலையில்லை. இதில் எனக்கு இன்னொரு யோசனை: வைஃபை டிவி, கேமரா, பேசினால் விளக்கைப் போடுகிற ஸ்பீக்கர் இவற்றையும் அந்த விருந்தினர் பக்கத்திலேயே விட்டுவிடுங்கள். அவையும் நம் வீட்டில் விருந்தாளிகள்தான். எந்தக் கம்பெனி எத்தனை வருடம் அவற்றைப் பார்த்துக்கொள்ளும் என்று யாருக்குத் தெரியும்?

பாதுகாப்பு முறை என்ற இடத்தில் டபிள்யு.பி.ஏ.2 அல்லது டபிள்யு.பி.ஏ.3 இருக்க வேண்டும். டபிள்யு.இ.பி. (வெப்) என்ற பழைய முறையோ, திறந்த நிலையோ இருந்தால் உடனே மாற்றுங்கள். கடவுச்சொல் தட்டாமலே வைஃபையில் இணைக்கிற டபிள்யு.பி.எஸ். என்ற பொத்தான் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். அதன் எட்டு இலக்க எண்ணைக் கண்டுபிடிக்கக் கோடிக்கணக்கான முறை முயல வேண்டியிருக்கும் என்றுதான் நினைத்திருந்தார்கள். ஆனால் மோடம் அதை நாலு நாலாக இரண்டு பாதியாகப் பார்க்கிறது, முதல் பாதி சரியா தவறா என்று தனியாகச் சொல்லியும் விடுகிறது. கடைசி இலக்கமோ மற்ற ஏழிலிருந்து கணக்குப் போட்டு வருவது. ஆக 11,000 முயற்சி போதும். இது வெளியே தெரிந்தது 2011இல். இன்னும் அந்த வசதி திறந்தே கிடக்கிற மோடங்கள் கடைக்கு வருகின்றன.

தீபாவளி முடிந்ததும் விருந்தினர் கடவுச்சொல்லை மாற்றி, அடுத்த வருடக் காலண்டரில் புதிதாக எழுதிக்கொள்ளுங்கள். கணவரிடம் நான் சொன்னதாகச் சொல்லலாம்.

கேள்வி: எந்த ஆண்டிவைரஸ் வாங்கலாம்?
– கல்லூரி மாணவர், கெப்போங்

விண்டோஸோடு வருகிற டிஃபெண்டரே போதும். அந்தக் காசுக்கு வெளி ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள். ஏன் என்று கீழே வருகிறது.

கேள்வி: அம்மாவின் புலனத்துக்குத் தெரிந்த ஒருவரின் எண்ணிலிருந்து கல்யாணப் பத்திரிகை என்று ஒரு கோப்பு வந்தது. தொட்டிருக்கிறார், ஏதேதோ கேட்டிருக்கிறது, எல்லாவற்றுக்கும் சரி சரி என்று அழுத்தியிருக்கிறார். பத்திரிகை திறக்கவில்லை. இரண்டு நாள் ஆகிறது, பணம் எதுவும் போகவில்லை. விட்டுவிடலாமா?
– மகன், பிரிக்ஃபீல்ட்ஸ்

தம்பி, இதற்குப் பத்திரிகையில் பதில் வரும்வரை காத்திருக்கக் கூடாது. உங்கள் கடிதம் கையில் கிடைத்த அன்றே தொலைபேசியில் பேசிவிட்டேன், நீங்களும் செய்துவிட்டீர்கள். மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். (வாட்ஸ்அப்பைப் புலனம் என்றுதான் எழுத வேண்டும் என்பது ஆசிரியரின் கட்டளை. கடையில் இதுவரை ஒருவரும் "அண்ணே, என் புலனம் வேலை செய்யவில்லை" என்று வந்ததில்லை.)

அந்தக் கோப்பின் படத்தை நீங்கள் அனுப்பினீர்கள், நன்றி. பெயர் அழகாக 'திருமண அழைப்பிதழ்' என்று மலாயில் இருக்கிறது. கண்ணை இன்னும் கொஞ்சம் வலப்பக்கம் நகர்த்தினால் பெயரின் வால் தெரிகிறது: ஏ.பி.கே. கல்யாணப் பத்திரிகை படமாக வரும், பி.டி.எஃப்.ஆக வரும். ஏ.பி.கே. என்பது ஆண்ட்ராய்டு கைப்பேசியில் நிறுவுகிற செயலி. பத்திரிகை செயலியாக வந்தால், மாப்பிள்ளை யார் என்று பார்க்கத் தேவையில்லை.

அது கேட்டவை என்னென்ன? முதலில், பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து நிறுவ அனுமதி. அடுத்தது, எஸ்.எம்.எஸ். படிக்க அனுமதி. இந்த இரண்டாவதுதான் திருடனுக்கு வேண்டியது. பேங்க் அனுப்புகிற ஆறு இலக்க எண் வந்தவுடன் அவனுக்குப் போய்விடும், அம்மாவின் திரையில் தெரியாமலேயே. சில செயலிகள் பேங்க் பக்கம் மாதிரியே ஒன்றைக் காட்டிப் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் வாங்கிக்கொள்ளும். வீடு கூட்டித் துடைக்க ஆள் அனுப்புகிறோம், செயலியில் பதிந்தால் தள்ளுபடி என்று வருவதும் இதே வித்தைதான். பேங்குகள் எஸ்.எம்.எஸ். எண்ணைக் கைவிட வேண்டும் என்று மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2022 செப்டம்பரில் சொன்னது இதற்காகத்தான். இப்போது பேங்க் செயலியிலேயே ஒப்புதல் கேட்பதைத் தொல்லை என்று நினைக்கிறவர்கள் இதை நினைத்துக்கொள்ளலாம்.

தெரிந்தவர் எண்ணிலிருந்து ஏன் வந்தது? அவருடைய கைப்பேசியும் அதேபோல் பிடிபட்டிருக்கும், அல்லது அவருடைய கணக்கைக் கைப்பற்றியிருப்பார்கள். அவர் மேல் கோபப்படாதீர்கள், போன் போட்டுச் சொல்லுங்கள்.

பணம் போகவில்லை என்றால் தப்பித்தோம் என்று அர்த்தமில்லை, சம்பளம் ஏறும் நாள் வரை காத்திருப்பவர்களும் உண்டு. முதலில் கைப்பேசியை ஏரோபிளேன் மோடில் போடுங்கள், வைஃபையும் அணையட்டும். வேறு போனிலிருந்து பேங்கை அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள். பேங்கின் எண்ணை அட்டையின் பின்பக்கத்திலிருந்து எடுங்கள், கூகளில் தேடாதீர்கள், அங்கே போலி எண்களும் இருக்கின்றன. பணம் ஏற்கெனவே போயிருந்தால் உடனே 997. தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் எண் அது, 2022 அக்டோபரிலிருந்து இருக்கிறது. திருடன் பணத்தை ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு, அதிலிருந்து இன்னொன்றுக்கு என்று மாற்றிக்கொண்டே போவான். இடையில் எங்காவது மறித்தால் உண்டு. நிமிடக் கணக்குதான். மாமாவைக் கேட்டுச் சொல்கிறேன், தம்பி வேலை முடிந்து வரட்டும் என்று உட்கார்ந்திருக்கக் கூடாது. போலீஸ் புகார் அதன் பிறகு. கடைசியாக, படங்களை மட்டும் எடுத்துக்கொண்டு கைப்பேசியைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்புங்கள். செயலியை அழித்தால் போதும் என்று சிலர் சொல்கிறார்கள். என் அம்மாவின் போனாக இருந்தால் நான் அதை நம்ப மாட்டேன்.

இன்னொன்று, அம்மாவைத் திட்டினீர்களா? கடிதத்தில் அந்த வாடை அடிக்கிறது. திட்டினால் அடுத்த முறை சொல்ல மாட்டார்.

கேள்வி: என் லேப்டாப் விண்டோஸ் 10. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு அதற்கு ஆதரவு முடிந்துவிட்டது, புதிதாக வாங்குங்கள் என்று கடையில் சொல்கிறார்கள். நன்றாகத்தானே ஓடுகிறது?
– கணக்கர், ஜாலான் ஈப்போ

ஓடும். இன்னும் ஐந்து வருடம்கூட ஓடும். பிரேக் பிடிக்காத வண்டியும் ஓடத்தான் செய்யும்.

ஆதரவு முடிவது என்றால் கணினி நிற்பதில்லை, ஓட்டைகளை அடைப்பது நிற்கிறது. 2017ஐ நினைத்துப் பாருங்கள். விண்டோஸில் ஒரு பெரிய ஓட்டைக்கு மார்ச் 14ஆம் தேதி மைக்ரோசாஃப்ட் ஒட்டுப் போட்டது. மே 12ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, வானாகிரை வந்தது. இரண்டு மாத இடைவெளி. அந்த ஒட்டைப் போடாதவர்கள் மாட்டினார்கள். யாரும் எதையும் தொட வேண்டியதில்லை, ஒரு கணினியிலிருந்து அடுத்ததற்குத் தானே தாவியது. கோப்புகளைப் பூட்டிவிட்டு 300 டாலர் பிட்காயினில் கேட்டது. பிரிட்டனில் மருத்துவமனைகளே நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. அந்தத் திங்கட்கிழமை நான் கடையைத் திறக்கும்போது வாசலில் எட்டுப் பேர் லேப்டாப்போடு நின்றார்கள். எட்டிலும் வானாகிரை இல்லை. எட்டிலும் மார்ச் மாதத்து ஒட்டும் இல்லை. 'பிறகு நினைவூட்டு' என்பதையே ஆறு மாதமாக அழுத்திக்கொண்டிருந்தவர்கள்.

உங்களுக்கு வழி இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கோடு பதிந்துகொண்டால் விண்டோஸ் 10க்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு ஒட்டுகள் கிடைக்கும்படி ஏற்பாடு செய்திருக்கிறார்கள். அமைப்புகளில் புதுப்பிப்புப் பக்கத்தில் பாருங்கள். மற்றபடி, லேப்டாப் ஓரளவு புதியது என்றால் விண்டோஸ் 11 ஏறும். இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையிலிருந்து, டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் இருக்க வேண்டும். அதுவும் இல்லை, இணையம் பார்ப்பதும் கடிதம் தட்டுவதும்தான் வேலை என்றால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுக்கலாம், காசு இல்லை. ஆனால் நீங்கள் கணக்கர். உங்கள் கணக்கு மென்பொருள் அதில் ஓடுமா என்று முதலில் கேளுங்கள். வாடிக்கையாளர்களின் வரிக் கணக்கு அந்த லேப்டாப்பில் இருக்கிறது என்றால் நான் இவ்வளவு யோசிக்கவே மாட்டேன், வாங்குங்கள்.

கேள்வி: படத்தொகுப்பு மென்பொருளின் 'கிராக்' (திருட்டுப் பதிப்பு) ஒன்றை நண்பன் கொடுத்தான். ஆண்டிவைரஸை அணைத்துவிட்டு நிறுவச் சொன்னான். நிறுவினேன். மறுநாள் எல்லாப் படங்களின் பெயருக்குப் பின்னாலும் புரியாத எழுத்துகள், எதுவும் திறக்கவில்லை. ஒவ்வொரு ஃபோல்டரிலும் பணம் கேட்டு ஒரு குறிப்பு. காப்புக்கு வைத்திருந்த ஹார்ட் டிஸ்க்கும் அப்படியே. ஏழு வருடக் கல்யாணப் படங்கள். பணம் கட்டலாமா?
– புகைப்படக்காரர், கோலாலம்பூர்

முதலில் மனமார்ந்த வருத்தம். இதைப் படிக்கும்போது எனக்கு இதே வரிசையில் இருக்கிற ஓர் அச்சகக்காரர் நினைவுக்கு வந்தார். அழைப்பிதழ் அடிப்பவர். ஒழுங்கான மனிதர், தினமும் மாலை ஆறு மணிக்குக் காப்பு எடுப்பார். எடுத்த ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கழற்ற மாட்டார். ஏன் கழற்ற வேண்டும், நாளைக்கும் மாட்டத்தானே போகிறோம் என்பார். ஒரு வியாழக்கிழமை காலை அவர் மேசையில் உட்கார்ந்து பார்த்தேன். கணினியில் 'டி' டிரைவ் பூட்டியிருந்தது. அடுத்தது 'இ', அதுதான் காப்பு. அதுவும் பூட்டியிருந்தது. பூட்டுகிற நிரலுக்கு எது மூலம், எது காப்பு என்று தெரியாது. எழுத்து வரிசைப்படி போகிறது, செருகியிருக்கிற எல்லாமே அதற்கு ஒன்றுதான். அவர் அரை மணி நேரம் பேசவே இல்லை. பிறகு அடுத்த வாரக் கல்யாணங்களுக்கு ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டு, அவர்களுக்கு அனுப்பிய மாதிரிப் படங்களைத் திருப்பி அனுப்பச் சொல்லிக் கேட்டார். அதிலிருந்துதான் மறுபடி வரைந்தார்.

பணம் கட்ட வேண்டாம் என்பது என் கருத்து. கட்டினால் சாவி வரும் என்பதற்கு உத்தரவாதம் ஒன்றுமில்லை, கட்டுகிறவர் என்ற பட்டியலில் பெயர் ஏறுவது மட்டும் நிச்சயம். அந்த டிஸ்க்குகளை அழித்துவிடாதீர்கள். 'நோ மோர் ரான்சம்' என்ற இணையதளம் இருக்கிறது, ஐரோப்பியப் போலீஸ் அமைப்பான யூரோபோலும் டச்சுப் போலீஸும் பாதுகாப்பு நிறுவனங்களோடு சேர்ந்து 2016இல் தொடங்கியது. பூட்டிய கோப்பு ஒன்றையும் அந்தக் குறிப்பையும் அதில் ஏற்றினால், எந்த வகை, அதற்குச் சாவி கண்டுபிடித்திருக்கிறார்களா என்று சொல்லும். இலவசம். இன்று இல்லை என்றாலும் அடுத்த வருடம் வரலாம். அப்படி வந்திருக்கிறது. டிஸ்க்கை உறையில் போட்டுத் தேதி எழுதி அலமாரியில் வையுங்கள். சைபர்செக்யூரிட்டி மலேசியாவின் சைபர்999 சேவைக்கும் தெரிவியுங்கள், எண் 1-300-88-2999. வாடிக்கையாளர்களுக்கு விரலியிலோ (பென் டிரைவ்) ஆல்பமாகவோ கொடுத்தவை வெளியே பத்திரமாக இருக்கும், அவர்களைக் கேட்க வெட்கப்படாதீர்கள்.

கிராக் பற்றி: திருடிய பொருளை இலவசமாகக் கொடுப்பவன், காவல்காரனை வெளியே அனுப்பிவிட்டு வா என்கிறான். நாமும் அனுப்புகிறோம். எனக்கும் அந்த வயதில் இம்பி பிளாசாவில் சி.டி. வாங்கிய பழக்கம் இருந்தது, ஒழுங்குப் பாடம் நடத்த எனக்குத் தகுதியில்லை. ஆனால் அப்போது கணினி கெட்டுப்போனால் விண்டோஸை மறுபடி போட்டுவிட்டுத் தூங்கலாம். இப்போது அதே பெட்டியில் உங்கள் தொழிலே இருக்கிறது.

இனிமேல் இரண்டு ஹார்ட் டிஸ்க். ஒன்று கடையில், ஒன்று வீட்டில், வாரத்துக்கு ஒரு முறை இடம் மாற்றுங்கள். காப்பு எடுக்கும் நேரம் தவிர எதையும் செருகி வைக்க வேண்டாம். கெப்போங் மாணவருக்கு நான் சொன்னதும் இதுதான்.

கேள்வி: இணையத்தில் செய்தி படித்துக்கொண்டிருந்தபோது திரை முழுக்கச் சிவப்பாகி, 'உங்கள் கணினியில் வைரஸ், உடனே இந்த எண்ணுக்கு அழையுங்கள்' என்று சத்தமாகப் பேச ஆரம்பித்தது. மூடவும் முடியவில்லை.
– ஒரு வாசகி, பங்சார்

அது வெறும் இணையப் பக்கம், வைரஸ் இல்லை. எஸ்கேப் விசையைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடியுங்கள், முழுத்திரை விலகும். இல்லையென்றால் ஆல்ட், எஃப்4 இரண்டும் சேர்த்து. அதுவும் இல்லையென்றால் கணினியை அணைத்துப் போடுங்கள். உண்மையான எச்சரிக்கை எதிலும் தொலைபேசி எண் இருக்காது. அழைத்திருந்தால் "உதவி செய்கிறேன்" என்று ஒரு செயலியை நிறுவச் சொல்லி உங்கள் கணினிக்குள் வந்திருப்பார்கள். நீங்கள் அழைக்கவில்லையே, நல்லது.

கேள்வி: எல்லாப் பாஸ்வேர்டையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறேன். மகன் சிரிக்கிறான்.
– 68 வயது வாசகர், செராஸ்

மகன் எல்லா இடத்துக்கும் ஒரே பாஸ்வேர்ட் வைத்திருப்பார், கேட்டுப் பாருங்கள். 2017இல் இந்நாட்டின் 4 கோடியே 62 லட்சம் கைப்பேசி எண்கள், பெயர் முகவரியோடு வெளியே போனது செய்தியில் வந்தது. மக்கள் தொகையே 3 கோடியைச் சற்றுத் தாண்டியதுதான். நம் எண்ணும் முகவரியும் ரகசியம் என்ற நினைப்பை அன்றே விட்டுவிட வேண்டியதுதான். எங்கோ ஓரிடத்தில் பாஸ்வேர்டும் கசிந்தால், அதே பாஸ்வேர்டை மின்னஞ்சலிலும் பேங்கிலும் நிரல் போட்டுப் பார்க்கும். நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு எழுதியிருக்கிறீர்கள் என்றால் மகனைவிட நீங்கள் பத்திரம். நோட்டைக் கணினிக்குப் பக்கத்தில் வைக்காமல் உடுப்பு அலமாரியில் வையுங்கள். மின்னஞ்சலுக்கும் புலனத்துக்கும், இன்னொரு எண்ணையும் சேர்த்துக் கேட்கிற இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போடச் சொல்லி மகனிடம் வேலை கொடுங்கள். 'தவறுதலாக உங்களுக்கு ஆறு இலக்க எண் வந்துவிட்டது, அனுப்புங்கள்' என்று யார் கேட்டாலும், மருமகளே கேட்டாலும், அனுப்பாதீர்கள். போன் போட்டு அவர் குரலைக் கேளுங்கள்.

கேள்வி: இதையெல்லாம் படித்தால் தலை சுற்றுகிறது. லேப்டாப்பை உங்கள் கடைக்கே கொண்டுவந்தால் பார்த்துக் கொடுப்பீர்களா?
– ஒரு வாசகி, தாமான் மெலாத்தி

வாருங்கள். திங்கட்கிழமை வேண்டாம், கூட்டம். கடவுச்சொல்லைத் துண்டுத் தாளில் எழுதி லேப்டாப்பில் ஒட்டிக் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள், என்னிடம்கூட. உட்கார்ந்து நீங்களே தட்டுங்கள், எதிர்க்கடையில் தே தாரே நன்றாக இருக்கும். சார்ஜரையும் எடுத்து வாருங்கள், முக்கால்வாசிப் பேர் அதை மறந்துவிட்டு வருகிறார்கள்.